மாளிகை அங்கே, வயல் இங்கே

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில், வாட்டன்-அட்-ஸ்டோன் என்னும் சிற்றூரின் பக்கத்தில் வுட்ஹால் பார்க் என்றொரு மாளிகை இருக்கிறது. 1777இல் கட்டத் தொடங்கியது. இப்போது அதில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அதைக் கட்டியவர் தாமஸ் ரம்போல்ட். அவர் காலத்துக்குப் பிறகு அதை வாங்கி விரிவாக்கியவர் பால் பென்ஃபீல்ட். முதலாமவர் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். இரண்டாமவர் தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சலை ஈடாகப் பிடித்துக்கொண்டு கடன் கொடுத்தவர்.

அரசலாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே, திருநள்ளாற்றில் இருந்துகொண்டு ஓர் ஆங்கில மாளிகையைப் பற்றி எழுத எனக்குள்ள காரணம் இதுதான். ஆங்கில நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகங்கள் உண்டு. தூண்களின் அளவு, தோட்டத்தின் வடிவம், விருந்துகள், வேலையாட்களின் ஏற்பாடு என்று எல்லாவற்றையும் அவை பேசுகின்றன. நெல் எங்கே விளைந்தது என்பதைச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. அவையும் பிந்தி வந்தவை. எந்த மாளிகையையும் அதற்குச் சோறு போட்ட வயலோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகப் பார்த்ததாகும் என்பது என் எண்ணம். வுட்ஹால் விஷயத்தில் அந்த வயலின் ஒரு பகுதி எங்கள் டெல்டாவில் கிடந்தது.

முதலில் மாளிகையின் வகையைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி ஹவுஸ் என்று ஆங்கிலேயர் சொல்வது கிராமத்தில் கட்டிய ஏதோ ஒரு பெரிய வீட்டை அல்ல. சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், அதில் குத்தகைக்காரர்கள், அவர்கள் கட்டும் குத்தகைப் பணம், அதைக் கொண்டு நடக்கும் குடும்பம், அந்தக் குடும்பத்துக்குப் பாராளுமன்றத்தில் இடம் என இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த வீடு. நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்ற ஏற்பாட்டால் சொத்து துண்டுபடாமல் நின்றது. நம் பக்கம் தகப்பனார் கண்மூடியதும் பாகப்பிரிவினை நடந்து, கூடத்தின் நடுவே சுவர் எழும்பும். ஒரே குடும்பத்தின் கையில் முந்நூறு ஆண்டு நிற்கும் வீடு இங்கே அரிதாகவும் அங்கே மிகுதியாகவும் இருப்பதற்குச் சுண்ணாம்பின் தரத்தைவிட வாரிசுச் சட்டம்தான் பெரிய காரணம்.

வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியது. பழைய வீடுகளில் பெரிய கூடம் ஒன்று இருக்கும்; எஜமானரும் வேலையாட்களும் அதே கூடத்தில் உண்பார்கள். பின்னால் எஜமானர் தனியறைக்குப் போய்விட்டார். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் முறை மோகமாகப் பரவியது. முகப்பில் தூண்கள், முக்கோண நெற்றி, இடமும் வலமும் ஒத்த ஜன்னல்கள். வேலையாட்கள் யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்கப் பின்பக்கம் தனிப் படிக்கட்டு. வெளியே இயற்கையாகவே அமைந்ததுபோலச் செயற்கையாக உண்டாக்கிய புல்வெளியும் ஏரியும். மாடுகள் வீட்டருகே வராமல் தடுக்க வேண்டும், ஆனால் வேலி கண்ணில் உறுத்தக் கூடாது. அதற்காக ஹா-ஹா என்று ஒரு பள்ளத்தை வெட்டினார்கள். மாடியிலிருந்து பார்த்தால் தடையே தெரியாது, பச்சை வீட்டிலிருந்து அடிவானம் வரை ஓடும். காட்சிக்காக ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்ததும் உண்டு. டார்செட்டில் மில்டன் அபாஸ் என்ற ஊருக்கு 18ஆம் நூற்றாண்டில் அதுதான் நடந்தது.

இந்த வீடுகளைப் படிக்கும் முறைகளில் எனக்கு மூன்று பட்டன. மார்க் ஜிருவார்ட் 1978இல் எழுதிய புத்தகம், வீட்டின் அறைகள் ஏன் அப்படி அமைந்தன என்பதை அதில் வாழ்ந்தவர்களின் பழக்கவழக்கத்திலிருந்து விளக்கியது. அதற்கு முன்பே, 1973இல், ரேமண்ட் வில்லியம்ஸ் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். மாளிகையின் அழகை வியப்பவர்கள், அதைத் தாங்கி நின்ற உழைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது முறை இந்த நூற்றாண்டில் வலுப்பட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2011 முதல் 2014 வரை நடந்த ஓர் ஆய்வுத்திட்டம், கிழக்கிந்தியக் கும்பினிக்கும் பிரிட்டிஷ் மாளிகைகளுக்கும் இருந்த உறவை வீடு வீடாகத் தேடியது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, தன் வசமுள்ள இடங்களில் 93க்குக் காலனி ஆட்சியோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்பு உண்டு என்று எழுதியது. அங்கே அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கட்டடத்தின் பெருமையைக் குலைப்பதாகக் கோபப்பட்டவர்கள் பலர். எனக்கு அந்தக் கோபம் விளங்கவில்லை. கணக்கு கேட்டதனால் எந்தத் தூணும் சாய்ந்துவிடவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆங்கில மாளிகைகள் எல்லாம் இந்தியப் பணத்தில் எழுந்தவை அல்ல. பெரும்பாலானவை அந்த நாட்டுக் குத்தகையில் எழுந்தவை. நிலக்கரி, அரசு உத்தியோகம், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டம் ஆகியவற்றால் எழுந்தவையும் உண்டு. ஆனால் பிளாசிப் போருக்குப் பிறகான முப்பது நாற்பது ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து பணத்தோடு திரும்பியவர்கள் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தார்கள். நவாப் என்ற நம் சொல்லைத் திரித்து அவர்களை ‘நபாப்’ என்று அழைத்தார்கள். 1772இல் லண்டனில் அந்தப் பெயரிலேயே ஒரு நாடகம் மேடையேறியது. கிளைவ் கிளேர்மாண்டில் கட்டினார். வங்காளத்தில் காசிம்பஜாரில் இருந்த ஃபிரான்சிஸ் சைக்ஸ் பாசில்டன் பார்க்கைக் கட்டினார். வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் முன்னோர் இழந்த டேல்ஸ்ஃபோர்டை மீட்டு அங்கே வீடு எழுப்பினார். மாளிகை ஆசை எதிர்த்திசையிலும் வேலை செய்தது. டெர்பிஷயரிலுள்ள கெடில்ஸ்டன் மாளிகையை மாதிரியாக வைத்துத்தான் 1803இல் கல்கத்தாவின் கவர்னர் மாளிகை முடிந்தது.

இவர்களெல்லாம் வங்காளக் கதை. தெற்கே நடந்தது வேறு மாதிரி. அங்கேதான் எங்கள் வயல் வருகிறது.

வங்காளத்தில் கும்பினியாரே வரி வசூலித்தார்கள். சென்னையில் பணம் வட்டி வழியாக வந்தது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குப் படைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. சென்னைக் கோட்டையில் இருந்த கும்பினி உத்தியோகஸ்தர்கள் தம் சொந்தப் பணத்தையும் பிறர் பணத்தையும் உயர்ந்த வட்டிக்கு அவருக்குக் கொடுத்தார்கள். ஈடு என்ன? இந்தத் தாலுகாவின் வரி, அந்தச் சீமையின் விளைச்சல். நவாபுக்குப் புதுச் சீமை கிடைத்தால் கடன்காரர்களுக்குப் புது ஈடு கிடைக்கும். காவிரி பாயும் தஞ்சாவூரைவிட நல்ல ஈடு எது?

1773 செப்டம்பரில் நவாபும் கும்பினிப் படையும் சேர்ந்து தஞ்சாவூரைப் பிடித்தார்கள். மராட்டிய அரசர் துளஜா சிறைப்பட்டார். மூன்று சாகுபடி நவாப் ஆட்சியில் போனது. வசூலான பணம் தஞ்சையில் தங்கவில்லை.

இந்த இடத்தில் பென்ஃபீல்ட் வருகிறார். 1764இல் சென்னைக்கு வந்தவர். தொடக்கத்தில் பொறியாளர் வேலை. கோட்டைச் சுவர்களைக் கட்டும் காண்டிராக்டும் எடுத்தார். நவாபுக்காகச் சேப்பாக்கம் அரண்மனையை 1760களில் கட்டியவர் இவரே என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கம் போகிறவர்கள் அதன் கலஸ் மஹாலைக் கடந்துதான் போகிறார்கள். 2012இல் அங்கே தீப்பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். நவாபுக்கு அரண்மனை கட்டித் தந்தவரே நவாபுக்குக் கடனும் கொடுத்தார். அந்தக் கடனை வசூலிக்கத் தஞ்சை நெல்லைத் தேடி வந்தார். பிறகு தனக்கும் ஒரு மாளிகை வாங்கினார்.

லண்டனிலிருந்த இயக்குநர்கள் தஞ்சாவூரை அதன் அரசரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதை நிறைவேற்ற இரண்டாம் முறையாகக் கவர்னராக வந்தவர் ஜார்ஜ் பிகட். அவரும் முதல் முறை கவர்னராக இருந்து சம்பாதித்த பணத்தில் 1765இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பாட்ஷல் மாளிகையை வாங்கியவர்தான். அவரைத் தூய்மையானவராக நான் காட்டப் போவதில்லை. 1776 ஏப்ரலில் அவர் தஞ்சாவூருக்கு நேரில் வந்து துளஜாவை அமர்த்தினார். உடனே பென்ஃபீல்ட் ஒரு கணக்கை நீட்டினார். மொத்தம் 2,34,000 பவுண்டு. அதில் 1,62,000 பவுண்டு நவாப் தஞ்சை வரியின் மேல் எழுதிக் கொடுத்தது. மீதி 72,000 தஞ்சைச் சீமையிலுள்ள ஆட்களுக்கு விளைச்சலின் மேல் கொடுத்த கடன். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய ஒருவர் இவ்வளவு பணத்தை எங்கிருந்து எடுத்தார் என்று பிகட் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சென்னைக் கவுன்சிலில் பெரும்பான்மையோர் பென்ஃபீல்ட் பக்கம் சாய்ந்தார்கள். 1776 ஆகஸ்ட் 24ஆம் தேதி கவர்னரையே பிடித்துப் பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே பிகட் இறந்தார். தஞ்சாவூர் நெல் யாருடையது என்ற வழக்கில் கும்பினியின் கவர்னர் ஒருவர் உயிரை விட்டார். பள்ளிக்கூடப் பாடத்தில் ஆற்காட்டு முற்றுகையும் மைசூர்ப் போர்களும் வரும். இது வராது. டெல்டாப் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்லித் தர வேண்டும்.

பிகட் இறந்த ஆண்டில்தான் ரம்போல்ட் வுட்ஹாலைக் கட்டத் தொடங்கினார். அஸ்திவாரப் பணம் வங்காளப் பணம். அவர் பாட்னாவிலும் கல்கத்தாவிலும் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சென்னைக்குக் கவர்னராகக் கிளம்பி, 1778 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே புதுச்சேரியும் காரைக்காலும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1781இல் கும்பினி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பாராளுமன்றத்தில் அவர்மேல் கொண்டுவந்த மசோதா பின்னால் கைவிடப்பட்டது. மாளிகை மட்டும் நல்லபடி முடிந்தது.

கட்டடக் கலைஞர் தாமஸ் லெவர்ட்டன். வெளிப்புறம் அடக்கமானது. உள்ளேதான் செலவு தெரிகிறது. நடுவே வட்டமான படிக்கட்டுக் கூடம். சுவரில் ஒரு முனை மட்டும் செருகி நிற்கும் கற்படிகள் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. உச்சியில் கண்ணாடிக் குவிமாடம். வெளிச்சம் அங்கிருந்து இறங்குகிறது. இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் முற்றம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டின் நடுவில் மேலிருந்து வெளிச்சம் வாங்கும் எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். நம் முற்றத்தில் மழையும் சேர்ந்து இறங்கும், குருவியும் வரும். அங்கே குளிர், கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள். வேறோர் அறையில் 1782இல் ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் படங்களை வெட்டிச் சுவர் முழுக்க ஒட்டி, காகிதத்திலேயே சட்டமும் நாடாவும் வைத்து அலங்கரித்தார்கள். அந்த வகை அறைகளில் முழுதாகப் பிழைத்தவை சிலவே. இது அவற்றில் ஒன்று. பீன் என்ற சிற்றாற்றைத் தேக்கி ஏரியாக்கிய பூங்கா, மாளிகையின் முன்னால் விரிகிறது.

ரம்போல்ட் 1791இல் இறந்தார். 1790களின் முற்பகுதியில் பென்ஃபீல்ட் வாங்கினார். அதற்குள் அவர் பாராளுமன்ற உறுப்பினர், பேங்க் முதலாளி. வீட்டையும் பூங்காவையும் விரிவாக்கினார். ஆனால் பேங்க் முறிந்தது. 1801இல் சாமுவேல் ஸ்மித் என்ற வேறொரு பேங்க்காரர் மாளிகையை வாங்கினார். பென்ஃபீல்ட் 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அவர் வீழ்ந்தது தஞ்சாவூருக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. நவாப் கடன்களை விசாரிக்க 1805இல் அமைந்த கமிஷன் கால் நூற்றாண்டு உட்கார்ந்து, வந்த கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதி பொய் என்று தள்ளியது. அதற்கும் முந்திய கடன்களை 1784இலேயே விசாரணை இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 1785 பிப்ரவரி 28ஆம் தேதி எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் அதை எதிர்த்து நெடுநேரம் பேசினார். பென்ஃபீல்டைப் பேர் சொல்லித் தாக்கினார். அந்தப் பேச்சில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: இந்த நாட்டில் ஆட்சியாளரின் கொடை என்பது ஏரி வெட்டுவது என்று விளக்கி, ஏரிகளை விட்டுவிட்டுக் கடனை அடைப்பது என்ன ஆட்சி என்று வாதிட்டார். பர்க்கின் நெருங்கிய நண்பர் வில்லியம் பர்க் தஞ்சை அரசரின் ஏஜெண்டாக இருந்தவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதனால் ஏரியைப் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடாது.

இத்தனைக்கும் நடுவில் சீமை என்ன ஆனது? நவாபின் மூன்று ஆண்டு வசூலுக்குப் பின் 1781இல் ஐதர் அலியின் படை வந்தது. ஐதர் கலாபம் என்று டெல்டாவில் தலைமுறைகளாகச் சொல்லிவந்தது அதைத்தான். மாடுகள் போயின, மதகுகள் உடைந்தன, மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பஞ்சத்தின்போது தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் கொண்டுவர ஸ்வார்ட்ஸ் பாதிரியார் பட்ட பாடு அவர் கடிதங்களில் இருக்கிறது. அந்தப் பஞ்ச காலத்தில், 1782இல்தான் வுட்ஹாலில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே காலத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நவாப் வசூலித்த ஆண்டுகளில் திருநள்ளாறு பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தது. தஞ்சை அரசுரிமைச் சண்டையில் பணம் தேவைப்பட்டபோது காரைக்கால் கைமாறியது. 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் வந்து இறங்கினார்கள்; 1750 உடன்படிக்கைக்குள் 81 ஊர்கள் அவர்கள் வசமாயின. இன்றும் இங்கிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சற்று நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடுகிறதே, அந்த வரைபடத்தை வரைந்ததும் 18ஆம் நூற்றாண்டுக் கடன்தான். ஆகவே நவாபின் வசூல்காரர் கையில் இந்த ஊர் இல்லை. வாய்க்காலின் மேற்கே, அதே தண்ணீர் பாய்ந்த ஊர்கள் இருந்தன. 1778க்குப் பிறகு போர்தோறும் காரைக்காலும் கைமாறி, 1817இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் நிலையாகத் திரும்பியது.

இனி எங்கள் பக்கத்து மாளிகை. டெல்டாவின் மிராசுதார் வீட்டை ஆங்கில நாட்டு மாளிகைக்கு ஈடாகச் சொல்லலாம். இரண்டும் குத்தகையில் நிற்பவை. தெருவைப் பார்த்த திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பிறகு முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், காமரா உள், அடுக்களை, கிணறு, கொட்டில், கொல்லை. தெருவிலிருந்து கொல்லைவரை ஒரே நேர்கோட்டில் காற்று ஓடும். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும். தூணுக்கும் உத்திரத்துக்கும் வசதியிருந்தால் பர்மாத் தேக்கு. இந்த வீட்டில் நெல்லை ஒளிக்க முடியாது. கூடத்தில் பத்தாயம் நிற்கும், குதிர் நிற்கும். தை மாதம் சம்பா வந்து இறங்கினால் வீடு முழுக்கப் புது நெல்லின் வாசம். வீட்டுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வருமானத்தை. வுட்ஹாலில் அந்த வாசம் எங்கும் இருந்திருக்க முடியாது. தஞ்சை நெல் முதலில் வராகனாகி, வராகன் உண்டியலாகி, உண்டியல் பவுண்டாகித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. படிக்கட்டில் ஏறுகிற விருந்தாளிக்கு அது எந்த ஊர் நெல் என்று கேட்கத் தோன்றாது. ஹா-ஹா பள்ளம் வேலியை மறைத்ததுபோல, கடல் வயலை மறைத்தது.

இதனால் எங்கள் வீடுகள் கள்ளமற்றவை என்று நான் சொல்லவில்லை. நெல்லைக் கூடத்தில் வைத்தவர்கள் நெல்லை விளைவித்தவர்களைக் கூடத்துக்குள் விடவில்லை. பண்ணையாள் கொல்லைப்பக்கமாக வந்து கொல்லைப்பக்கமாகவே போனார். அவர் குடியிருப்பு ஊருக்கு வெளியே. ஆங்கில வீட்டின் பின்படிக்கட்டு வேலைக்காரரை ஒளித்தது. எங்கள் வீட்டின் கொல்லை வழி ஒரு சாதியையே விலக்கியது. மேல்வாரம், குடிவாரம், பண்ணைக்கூலி என்று அளந்த மரக்கால்கள் எல்லாம் ஒரே அளவாகவும் இல்லை. கூலி நெல் கூடுதலாகக் கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். இங்கிருந்து அது தூரமில்லை. டெல்டா வீடுகளின் தேக்குத் தூணைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அந்தத் தூண் நின்ற தரையையும் நினைக்க வேண்டும்.

இரண்டு வகை மாளிகைகளும் தளர்ந்தன. அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கியதும் 1870களிலிருந்து ஆங்கிலக் குத்தகை சரிந்தது. 1894இல் வாரிசுச் சொத்துவரி வந்தது. அடுத்த நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்தார்கள். 1974இல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இடிந்தவற்றுக்காகவே ஒரு கண்காட்சி வைத்தது. தப்பியவை டிரஸ்டாகவும் ஹோட்டலாகவும் பள்ளியாகவும் மாறின. இங்கே தமிழ்நாட்டில் 1961இல் நில உச்சவரம்பு 30 தரநிலை ஏக்கர், 1970இல் அது 15. புதுச்சேரிக்குத் தனிச் சட்டம் 1973இல் வந்தது. பத்தாயம் காலியானது. திருநள்ளாற்றில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பழைய திண்ணைகள் கடைகளாகிவிட்டன. சனிப்பெயர்ச்சிக்கு வருகிறவர்கள் அங்கேதான் நல்லெண்ணெயும் எள்ளும் வாங்குகிறார்கள். வடக்கே தரங்கம்பாடியில் மட்டும் கொஞ்சம் பிழைத்தது. டேனியர் 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். சில காலம் தஞ்சாவூர் கலெக்டர் அங்கேதான் இருந்தார். அவருடைய கடற்கரை பங்களாவும் டேனிஷ் கவர்னர் பங்களாவும் இப்போது பழுதுபார்த்து நிற்கின்றன.

எங்களுக்கு மிக அருகிலிருந்து புறப்பட்ட கட்டடம் ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1778இல் புதுச்சேரியைப் பிடித்த ஹெக்டர் மன்ரோ 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். பிறகு ஊர் திரும்பித் தன் நோவார் பண்ணையை ஒட்டிய ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் வளைவுகள் கொண்ட ஒரு கல் வாசலை எழுப்பினார். நிலத்தை இழந்த அந்த ஊர் ஏழைகளுக்குக் கூலி கொடுக்கவே அதைக் கட்டினார் என்பது அங்கத்திய வழக்கு. நாகப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இன்று இல்லை. அதன் வாசலின் நிழல் மட்டும் ஒரு ஸ்காட்லாந்துக் குன்றில் பனியில் நிற்கிறது.

தஞ்சை மராட்டியர் அரண்மனையின் மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் தமிழில் வெளியிட்டது. மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கட்டுக் கட்டாகக் காகிதங்கள் காத்திருக்கின்றன. பென்ஃபீல்ட் வழக்கின் ஆங்கிலக் காகிதங்களோ லண்டனில் ஒழுங்காக எண்ணிட்டு இருக்கின்றன. இதுவரை அந்த வழக்கைப் பெரும்பாலும் லண்டன் காகிதங்களைக் கொண்டே எழுதியிருக்கிறார்கள். 72,000 பவுண்டுக்கு விளைச்சலை எழுதிக் கொடுத்த தஞ்சைக்காரர்கள் யார், எந்த ஊர், எத்தனை வேலி என்று கேட்டு, மோடி படிக்கத் தெரிந்த ஒருவரும் ஆங்கிலக் கணக்கு படிக்கத் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மேசை தஞ்சாவூரிலேயே இருக்கட்டும்.